வேலூரில் முதல் மாதம்: ரூம், உப்புத் தண்ணீர், பேங்க் அக்கவுண்ட்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டதால் கடைசி ஒன்று இப்போது செல்லாது. தண்ணீர் விஷயம் மட்டும், புதிதாகக் காலேஜ் சேர வருபவர்களை இன்னமும் படுத்துகிறது.

ஹாஸ்டல் கிடைக்காமல் வெளியே ரூம் எடுப்பவர்களுக்கான குறிப்பு இது. பெட்டியில் என்ன எடுத்து வைப்பது என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும்.

1. இறங்குவது

ரயிலில் வந்தால் காட்பாடி ஜங்ஷனில் இறங்குங்கள். வேலூர் கன்டோன்மென்ட் என்று இன்னொரு ஸ்டேஷன் இருக்கிறது, அது காட்பாடி–விழுப்புரம் பாதையில் உள்ளது. பெயரில் வேலூர் இருக்கிறதே என்று சென்னை, கோவை எக்ஸ்பிரஸ் வண்டிகளை அங்கே தேடாதீர்கள். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவில் ஓடும் 1, 2 நம்பர் டவுன் பஸ்கள் ஊரையே குறுக்கே கடக்கின்றன. இவை இரண்டும் தெரிந்தால் முதல் மாதத்துக்குப் போதும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் காசு கிடையாது. தனியார் பஸ்ஸில் உண்டு. போர்டைப் பார்த்து ஏறுங்கள்.

அட்மிஷனுக்குக் குடும்பத்தோடு வருபவர்கள் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள லாட்ஜ்களை நம்பி வர வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களே வாரக்கணக்கில் அங்கே தங்குவார்கள். காந்தி ரோடு பக்கம் வங்காள எழுத்தில் போர்டு தொங்குவதைப் பார்த்தாலே எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்று புரியும்.

2. ரூம் பார்ப்பது

பகல் இரண்டு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். காலையில் எல்லா ரூமும் நன்றாகத்தான் இருக்கும். மாடியில் கடைசித் தளம், மேற்குப் பார்த்த சுவர், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கூரை, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே வாடகையைக் குறைத்துக் கேட்கலாம். இரண்டு இருந்தால் வேறு ரூம் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் இந்த ஊர் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சுவர் பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி பதினோரு மணி வரை கக்கும். ஃபேனைப் போட்டால் சூடான காற்றுதான் சுற்றும்.

ஓனரிடம் கேட்க வேண்டியவை: கரண்ட்டுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா? யூனிட்டுக்கு எவ்வளவு? குழாயில் வருவது போர் தண்ணீரா, கார்ப்பரேஷன் தண்ணீரா? காலி செய்ய எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும்? குடிவந்த அன்றே மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுத்து, "அக்கா, இன்னிக்கு ரீடிங் இது" என்று அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பின்னால் வாயால் சொல்லும் கணக்கு எதுவும் நிற்காது.

அட்வான்ஸ் விஷயத்தில் ஒன்று. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017இன்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. அந்த "எழுதிக்கொள்ளாவிட்டால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

3. தண்ணீர்

எல்லோரும் சறுக்கும் இடம் இது. குளித்தால் சோப்பு போகவே மாட்டேன் என்கிறது, கறுப்புச் சட்டையில் வெள்ளைத் திட்டு, கெட்டிலின் அடியில் சுண்ணாம்பு மாதிரி படலம். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே: போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத பிசுக்காகத் திரிகிறது. நுரை வராததும், உடம்பில் வழவழவென்று ஏதோ ஒட்டியிருப்பதும் அந்தப் பிசுக்கால்தான்.

முதலில் சோதித்துப் பாருங்கள். ஒரே அளவு பாட்டில் இரண்டு எடுத்து, ஒன்றில் பாதி குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் பாதி கேன் தண்ணீர். இரண்டிலும் பட்டாணி அளவு குளியல் சோப்பைச் சீவிப் போட்டு, மூடி 20 தடவை குலுக்குங்கள். கேன் தண்ணீரில் நுரை பொங்கி, குழாய்த் தண்ணீரில் திரிந்த பால் மாதிரி மிதந்தால் உங்கள் ரூம் உப்புத் தண்ணீர் ரூம். ஷாம்பூவை வைத்துச் சோதிக்காதீர்கள், அது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்.

துவைக்கும்போது பவுடரை அள்ளிக் கொட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. பவுடர் மிஞ்சி, அலசினாலும் போகாமல், துணி அட்டை மாதிரி காய்கிறது. இப்படிச் செய்யுங்கள்: ஒரு வாளித் தண்ணீரில் (15 லிட்டர்) ஒரு மேசைக் கரண்டி சலவை சோடாவைக் கரைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் லேசாகக் கலங்கும். கால்சியம் பிரிகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வழக்கமான அளவு பவுடர் போட்டு, துணியை அரை மணி ஊற வையுங்கள். கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில், அல்லது இரண்டு மூடி வினிகர் விட்ட தண்ணீரில் செய்தால் வெள்ளைத் திட்டு நிற்காது. பட்டு, கம்பளி இரண்டுக்கும் சோடா ஆகாது. சமையல் சோடாவும் சலவை சோடாவும் ஒன்றல்ல, லாங் பஜார் பக்கம் மளிகைக் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பவுடரா, லிக்விடா? கையால் துவைப்பவர்களுக்கு என் ஓட்டு லிக்விடுக்கு. சீக்கிரம் அலசிப் போகும். பார் சோப்பு காலருக்கும் கைமடிப்புக்கும் மட்டும்.

கெட்டிலுக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் (கடையில் எலுமிச்சை உப்பு என்றாலும் தருவார்கள்) போட்டுக் கொதிக்கவிட்டு, அரை மணி வைத்துக் கொட்டுங்கள். பிறகு வெறும் தண்ணீரை ஒருமுறை கொதிக்க வைத்து ஊற்றிவிடுங்கள். மாதம் ஒரு தடவை போதும். வாட்டர் ஹீட்டர் ராடிலும் இதே படலம்தான் ஏறுகிறது. படலம் தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் ராடுக்குள்ளேயே தங்கி, ராடு எரிந்துபோகும். ராடு வைப்பவர்கள் பிளாஸ்டிக் வாளியில் மட்டும் வையுங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வையுங்கள். ஹாஸ்டலில் ராடு பிடிபட்டால் அபராதம், அது வேறு கதை.

குடிக்க 20 லிட்டர் கேன். மூடியில் சீல் முழுசாக இருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரை, தேதி இருக்கிறதா என்று பாருங்கள். டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டுவது) வாங்கி எண்ணைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் அதிகம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை. ஆனால் அந்த மீட்டர் உப்பைத்தான் அளக்கும், கிருமியை அல்ல. 80 என்று காட்டும் கேனிலும் வயிற்றுப்போக்கு வரலாம்.

கோடையில் இன்னொன்று: மதியம் மூன்று மணிக்குச் சின்டெக்ஸ் டேங்கிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். காலையிலேயே ஒரு வாளி பிடித்து ரூமுக்குள் வைத்துவிட்டால் சாயங்காலக் குளியலுக்கு ஆகும். அதற்காகவே வாளி இரண்டு வாங்குங்கள்.

4. பேங்க் அக்கவுண்ட்

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வர வேண்டியவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அக்கவுண்ட்டில் ஆதார் எண் சேர்ப்பது வேறு, ஆதாரோடு அரசுப் பணம் வரும் அக்கவுண்ட்டாக அதைப் பதிவது வேறு. முதலாவது கே.ஒய்.சி., அதாவது நீங்கள் யார் என்று பேங்க் உறுதிசெய்துகொள்வது. இரண்டாவதைத்தான் 'சீடிங்' என்கிறார்கள். ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு பேங்க்தான் சீடிங் ஆகியிருக்கும், கடைசியாகப் பதிந்தது எதுவோ அது. பள்ளியில் படிக்கும்போது ஊரில் ஆரம்பித்த அக்கவுண்ட்டில் அது இருந்தால், காட்பாடியில் புதிதாக ஆரம்பித்த பாஸ்புக்கில் எத்தனை தடவை என்ட்ரி போட்டாலும் பணம் தெரியாது. பணம் ஊர் அக்கவுண்ட்டில் சேர்ந்துகொண்டிருக்கும்.

மைஆதார் தளத்தில் ஓ.டி.பி. கொடுத்து நுழைந்து, பேங்க் சீடிங் நிலை என்ற இடத்தில் எந்த பேங்க் என்று பாருங்கள். மாற்ற வேண்டுமானால் புது பேங்க்கிலேயே ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுங்கள். "ஆதார் லிங்க் ஆயிடுச்சு" என்று கவுண்ட்டரில் சொன்னால், "சீடிங் ஆயிடுச்சா சார்?" என்று மறுபடி கேளுங்கள். சில நாள் கழித்துத் தளத்தில் பேங்க் பெயர் மாறியிருந்தால்தான் வேலை முடிந்தது. பழைய அக்கவுண்ட்டை அதுவரை மூட வேண்டாம்.

பின்சேர்க்கை

சீடிங் நிலையைப் பார்க்கப் போனவர்கள் அதிகம் மாட்டிக்கொண்டது ஓ.டி.பி.யில். ஆதாரில் இருப்பது அப்பாவின் பழைய நம்பர், அல்லது எப்போதோ தொலைந்த சிம். ஆதார் மையத்திலோ, ஆதார் சேவை உள்ள தபால் நிலையத்திலோ கைரேகை வைத்து உங்கள் நம்பரை ஏற்றிக்கொள்ளலாம். முடிந்தால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே செய்யுங்கள். அப்பா நம்பர் ஓடிக்கொண்டிருந்தால், அவரை போனில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், ஓ.டி.பி. பத்து நிமிடத்தில் காலாவதி ஆகிவிடும்.

சலவை சோடாவில் கை எரிகிறது என்று இன்னும் சிலர். கட்டியாகக் கையில் எடுத்துத் தேய்க்காதீர்கள், குச்சியால் கலக்குங்கள். அப்படியும் எரிந்தால் சோடாவை விட்டுவிட்டு லிக்விடோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சட்டை கொஞ்சம் விறைப்பாக இருந்தால் இருக்கட்டும்.