பழைய பிளக்கில் செய்த கருவி: காலை நீலப் புகை நின்றது

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை, கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடும். கெட்டியான ஆயில் ஊற்றியும் குறையவில்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) எல்லா சிலிண்டரிலும் சரியாக இருந்ததால் சந்தேகம் வால்வு சீல் மீது போனது; வால்வுத் தண்டு வழியே ஆயில் உள்ளே கசியாமல் தடுப்பது அதுதான். அதை மாற்ற, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற மனமில்லை. பழைய 14 மிமீ ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அந்த இரும்பு உடலில் ஏர் ஹோஸ் நிப்பிளைப் பற்றவைத்து, பிளக் துளையில் மாட்டி, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்திக் காற்று கொடுத்தால் வால்வு உள்ளே விழாது (உச்சியிலிருந்து சற்று விலகினாலும் காற்றே கிராங்கைச் சுழற்றிவிடும், கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துவிடுங்கள்). அப்புறமும் வால்வு ஸ்பிரிங்கை அமுக்கினால் காட்டர் (ஸ்பிரிங்கின் மேல்தட்டை வால்வோடு பூட்டும் சிறு துண்டுகள்) விடவில்லை, மேல்தட்டோடு ஒட்டிக்கிடந்தது. தட்டின்மேல் பாக்ஸ் ஸ்பேனரை வைத்துச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு, பிறகு அமுக்கினால் 'டக்'கென்று விட்டது. காந்தத்தால் எடுத்துக்கொண்டேன். பழைய சீல்கள் கல்லாக இறுகியிருந்தன. புதியவை மாட்டியபின் இப்போது புகை இல்லை, நிம்மதி.