நாய்க்கும் பூனைக்கும் மருந்தளவு: "எத்தனை மில்லி?" என்று கேட்பதற்கு முன்

கிளினிக்கில் சேர்ந்து நாலாவது மாதம். பத்து கிலோ நாட்டு நாய், காது ஓரமெல்லாம் சொறி. ஐவர்மெக்டின் போடலாம் என்று முடிவு செய்து, கணக்குப் போட்டு, கம்பவுண்டர் அண்ணனிடம் "மூணு மில்லி எடுங்கண்ணே" என்றேன். அவர் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "மூணா? நாய்க்குத்தானே சார்? கன்னுக்குட்டிக்கு இல்லையே?"

எடுக்க வேண்டியது 0.3 மில்லி. அன்றைக்கு அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த நாய்க்குப் பத்து மடங்கு மருந்து போயிருக்கும். பெருக்கல் வகுத்தலில் நான் தவறவில்லை. எங்கே தவறினேன் என்பதைப் படி 3-ல் சொல்கிறேன்.

இது கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக எழுதியது. எந்த நோய்க்கு எந்த மருந்து, ஊசியை எங்கே குத்துவது என்பதெல்லாம் இதில் வராது. வீட்டில் நாய், பூனை வளர்ப்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம். படித்துவிட்டு ஊசியைத் தூக்க மட்டும் வேண்டாம்.

படி 1: எடை

கண்ணளவு வேண்டாம். போன மாதச் சீட்டில் இருக்கும் எடையும் வேண்டாம், குட்டி என்றால் சுத்தமாக வேண்டாம். இரண்டு கிலோ பூனையில் அரைக் கிலோ பிசகினால் மருந்தில் கால் பங்கு பிசகும். ஆள் ஏறி நிற்கும் மெஷினில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று கழிக்கும் வித்தை பெரிய நாய்க்குச் சரி, பூனைக்கு உதவாது. கைக்குழந்தைகளை எடை போடும் டிஜிட்டல் மெஷினில் 10 கிராம் வரை தெரியும். கிளினிக்குக்கு முதலில் வாங்க வேண்டியது அதுதான் என்பேன். பூனை அடங்காவிட்டால் கட்டைப்பையில் விட்டுப் பையோடு வையுங்கள், பிறகு பையைக் கழித்துக்கொள்ளலாம்.

படி 2: முதலில் மில்லிகிராம்

எடையைக் கிலோவுக்கு இத்தனை மி.கி. என்ற அளவால் பெருக்குங்கள். வருவது மொத்த மில்லிகிராம். அதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். இதுவரை சிரிஞ்சைத் தொடக் கூடாது.

நம் பேச்சில் ஒரு வம்பு இருக்கிறது. மில்லிகிராமையும் "மில்லி" என்கிறோம், மில்லிலிட்டரையும் "மில்லி" என்கிறோம். "மெலாக்சிகாம் (வலி மருந்து) அரை மில்லி போடு" என்று சொன்னால் அது எந்தப் பாட்டிலில் அரை மில்லி? அலமாரியில் மில்லிக்கு 5 மி.கி. பாட்டிலும் இருக்கும், மாட்டுக்கான மில்லிக்கு 20 மி.கி. பாட்டிலும் இருக்கும். 12 கிலோ நாய்க்கு முதல் நாள் கிலோவுக்கு 0.2 வீதம் 2.4 மி.கி. போதும். முதல் பாட்டிலில் அது ஏறக்குறைய அரை மில்லி. இரண்டாவதில் அரை மில்லி எடுத்தால் 10 மி.கி., நாலு மடங்குக்கு மேல். (மாட்டு மெலாக்சிகாம் எல்லா இடத்திலும் கிடைப்பதற்குப் பாறு கழுகுகளும் ஒரு காரணம். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து போட்ட மாடுகளின் பிணத்தைத் தின்று அவை கூட்டமாகச் செத்தபின் 2006-ல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். அந்த இடத்துக்குத்தான் மெலாக்சிகாம் வந்தது.) மாட்டுப் பாட்டில்களை நான் வேறு தட்டுக்கே மாற்றிவிட்டேன்.

படி 3: பாட்டிலில் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம்?

நான் விழுந்த பள்ளம் இதுதான். அந்த ஐவர்மெக்டின் பாட்டிலின் முன்பக்கம் பெரிதாக 1% என்று இருந்தது. நான் அதை ஒரு மில்லிக்கு 1 மி.கி. என்று எடுத்துக்கொண்டேன். நாய்க்குத் தேவை கிலோவுக்கு 0.3 வீதம் 3 மி.கி. மூன்றை ஒன்றால் வகுத்தால் மூன்று. கணக்கு அப்பழுக்கில்லாமல் வந்தது, அதனால் சந்தேகமே எழவில்லை.

1% என்றால் 100 மில்லியில் 1 கிராம். ஒரு கிராம் 1000 மி.கி. நூறால் வகுத்தால் மில்லிக்கு 10 மி.கி. அதனால் சதவீதத்தைக் கண்டால் பத்தால் பெருக்குங்கள், அது மில்லிக்கான மி.கி. ஆகிவிடும். லிக்னோகெயின் 2% என்றால் 20. என்ரோஃப்ளாக்சசின் 10% என்றால் 100. நான் பாட்டில் வந்த அன்றே அழியாத மார்க்கரால் மூடியில் இந்த எண்ணை எழுதிவிடுகிறேன். மொபைல் ஆப் எதையும் நம்புவதில்லை. அடர்த்தியைத் தப்பாகக் கொடுத்தால் அதுவும் தப்பான விடையைத்தான் தரும், அதுவும் படு நம்பிக்கையோடு.

சிரப்பில் வேறு மாதிரி ஏமாற்றம் காத்திருக்கும். லேபிளில் "5 மில்லியில் இத்தனை" என்றுதான் போட்டிருப்பார்கள். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 228.5 என்று இருந்தால் அது 5 மில்லிக்கு. ஒரு மில்லிக்கு 45.7 தான். 3 கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 12.5 வீதம் 37.5 மி.கி., ஆக 0.8 மில்லி. மனிதர்களுக்கான சிரப் என்றால் சைலிட்டால் இருக்கிறதா என்று பாருங்கள், நாய்க்கு அது விஷம்.

படி 4: வகுத்து எழுதுவது

மொத்த மி.கி.யை மில்லிக்கான மி.கி.யால் வகுங்கள். அரை என்றால் 0.5 என்று முன் சைபரோடு எழுதுங்கள்; வெறும் .5 என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகிவிடும். ஐந்தை 5.0 என்று எழுதாதீர்கள், அது 50 ஆகும். மைக்ரோகிராமைச் சுருக்காமல் முழுதாக எழுதுங்கள்.

எழுதியபின் ஒரு நிமிடம் விடையை முறைத்துப் பாருங்கள். மாட்டுக்கான 1% ஐவர்மெக்டின் லேபிளில் 50 கிலோவுக்கு 1 மில்லி என்றிருக்கும். அப்படியானால் நான் கேட்ட 3 மில்லி 150 கிலோ உருப்படிக்கானது. கம்பவுண்டர் அண்ணன் கணக்கே போடவில்லை, சிரிஞ்சைப் பார்த்தே சொன்னார். இப்போது எங்கள் கிளினிக்கில் நான் "மூணு மி.கி., மில்லிக்குப் பத்து, ஆக 0.3" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், எடுப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள்.

படி 5: பூனையா? இன்னொரு முறை பாருங்கள்

பூனை என்பது சின்ன சைஸ் நாய் அல்ல. பாராசிட்டமால் அதற்கு எந்த அளவிலும் வேண்டாம். அதை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் ஈரலால் சரியாகச் செய்ய முடியாது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் தன்மையை இழந்துவிடும். "காய்ச்சலா இருந்துச்சு, அரை மாத்திரை குடுத்தேன்" என்று ஒரு அம்மா சொன்னால் வரிசையை விட்டு அந்தப் பூனையை முதலில் பாருங்கள். என்ரோஃப்ளாக்சசின் நாளுக்குக் கிலோவுக்கு 5 மி.கி.யைத் தாண்டினால் பார்வை போகலாம். நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனையின் முதுகில் விடக் கூடாது. டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தால் பின்னாலேயே ஐந்தாறு மில்லி தண்ணீர் புகட்டுங்கள். இல்லையென்றால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.

பிற்சேர்க்கை 1: கோலி நாய்க்கும் இதே ஐவர்மெக்டின் கணக்குதானா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. கோலி, ஷெட்லண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் பல நாய்களுக்கு எம்டிஆர்1 மரபணுக் கோளாறு உண்டு; சொறிக்குப் போடும் அளவே மூளைக்கு ஏறிவிடும். கலப்பினம் என்றாலும் சந்தேகப்படுங்கள். நானே இப்போது சொறிக்குப் பெரும்பாலும் ஃப்ளுராலனர், அஃபாக்சோலனர் வகை மாத்திரைகளுக்கு மாறிவிட்டேன்.

பிற்சேர்க்கை 2: சின்ன அளவுகளுக்கு "இன்சுலின் சிரிஞ்சு வசதி" என்று முதலில் எழுதியிருந்தேன். அதை எடுத்துவிட்டேன். கருத்துப் பகுதியில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, 0.3 மில்லின்னா முப்பதாவது கோடுதானே?" அவர் கையில் இருந்தது சிவப்பு மூடி, யு-40. அதில் 40 கோடு சேர்ந்தால் 1 மில்லி. முப்பதாவது கோடு 0.75 மில்லி. 0.3 என்பது பன்னிரண்டாவது கோடு. ஆரஞ்சு மூடி யு-100-ல்தான் முப்பது சரி. இன்சுலினைத் தவிர வேறு எதற்கும் அந்தச் சிரிஞ்சு வேண்டாம். 0.01 மில்லிக்கு ஒரு கோடு போட்ட 1 மில்லி டியூபர்குலின் சிரிஞ்சு என்று கேட்டு வாங்குங்கள்.