பிள்ளைக்கு மனநோய் என்றால் சொந்தக்காரர்கள் செய்யும் தவறுகள்

என் அக்கா மகளுக்கு 14 வயதில் கடுமையான மனச்சோர்வு வந்தது. மூன்று வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை, தலை வாரவிடவில்லை. ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாகப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர், "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்று சொல்லாமல் கிளம்பவில்லை. ராத்திரியெல்லாம் அதையே நினைத்து அழுதுகொண்டிருந்த அக்காவிடம் போய்! மரபு, மூளையின் செயல்பாடு, பிள்ளை பட்ட அடிகள் எனப் பலவும் சேர்ந்து வரும் நோய் இது. தாயை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள்.

அடுத்தது மாத்திரை. "இந்த வயசுல மாத்திரையா? பழகிடும்" என்று ஒருவர் சொன்னார். மனச்சோர்வு மருந்து பலன் காட்டவே சில வாரம் ஆகும். அதற்குள் குமட்டலும் தூக்கக் கோளாறும் முந்திக்கொண்டு வரலாம். வீட்டார் தடுமாறுவது அந்த நாட்களில்தான். அக்கா பத்தாம் நாளே நிறுத்திவிட்டாள். மீதி மாத்திரைகள் அட்டையோடு அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் கிடந்தன. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. மருந்து தொடங்கிய புதிதில் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் கூடுவதும் உண்டு. அதனால் அப்போது கூடவே இருந்து கவனிக்க வேண்டும். மாற்றம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது.

"செத்துடலாம்போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால், "சும்மா மிரட்டுது" என்று விடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அப்படித் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416. எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

கோயிலுக்குக் கூட்டிப் போவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சிகிச்சையை விட்டுவிட்டு அங்கேயே தங்கவைக்கச் சொல்லாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் செத்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது.

அப்புறம், "எதாவது வேணும்னா சொல்லு" என்பது. சொல்லத் தெம்பிருந்தால்தானே சொல்வார்கள்? எதிர்வீட்டு அம்மா எதையும் கேட்கவில்லை. எல்லோரும் மறந்துபோயிருந்த இளையவனைத் தினமும் சாயங்காலம் டியூஷனில் விட்டு அழைத்துவந்தார். வரும்போது தூக்குவாளியில் ரசம் இருக்கும். அக்கா சூடாகச் சாப்பிட்டது அந்த நாட்களில்தான்.