பீர் கெக்குகளை அடுக்குவதும் வண்டியில் ஏற்றுவதும்: புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

ஜெர்மனியில் பானக் கிடங்குகளிலும் டெலிவரி வேன்களிலும் வேலைக்குச் சேரும் நம்மவர்களுக்கு முதல் வாரத்தில் யாரும் உட்கார்ந்து பாடம் எடுப்பதில்லை. "அதோ, அந்த மாதிரி அடுக்கு" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எப்படி அடுக்குவது என்பது பார்த்தாலே தெரிந்துவிடும். ஏன் அப்படி அடுக்குகிறார்கள் என்பது பார்த்தால் தெரியாது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

கெக் என்பது பீர் அடைத்து வரும் ஸ்டீல் பீப்பாய்; பேலட் என்பது அதை அடுக்கும் மரத்தட்டு. இதில் சொல்லும் கணக்கெல்லாம் 50 லிட்டர் யூரோ கெக்குக்கும், 120 × 80 செ.மீ. யூரோ பேலட்டுக்கும். உங்கள் கிடங்கில் வேறு அளவு என்றால் எண்கள் மாறும், கணக்குப் போடும் விதம் மாறாது.

முதலில் எடை

காலி கெக் சுமார் 12 கிலோ. நிறைந்தது 62 கிலோ பக்கம் வரும். பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை, ஓர் ஆண் சுமையைத் தன் உடலோடு ஒட்டிப் பிடித்து இடுப்பளவில் தூக்குவதற்கே 25 கிலோவைத்தான் வழிகாட்டு அளவாக வைத்திருக்கிறது. பெண்களுக்கு 16. அப்படியென்றால் நிறைந்த கெக்கை இரண்டு பேர் சேர்ந்து தூக்கினாலும் ஆளுக்கு 31 கிலோ, அளவுக்கு மேல்தான். கிடங்கில் சிலர் ஒற்றை ஆளாகத் தூக்கிக் காட்டுவார்கள். காட்டட்டும், நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை அது இல்லை.

காலணி விஷயத்தில் ஒரு கணக்கு. பாதுகாப்புக் காலணியின் முன்பக்கக் கவசம் 200 ஜூல் மோதலைத் தாங்குகிறதா என்று சோதித்துத்தான் விற்பனைக்கு வருகிறது. 62 கிலோ கெக் 33 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தாலே அந்த 200 ஜூல் வந்துவிடும். மூன்றாவது அடுக்கிலிருந்து விழுந்தால் 700-ஐத் தாண்டும். காலணி இல்லாமல் கிடங்குக்குள் கால் வைக்காதீர்கள். காலணி இருக்கிறதே என்று கெக்குக்குக் கீழே காலை நீட்டவும் செய்யாதீர்கள்.

கெக்கைப் பார்த்துப் பிரியுங்கள்

கெக்கின் மேலும் கீழும் ஒரு வளையம் இருக்கும். மேல் வளையத்தில் கைப்பிடித் துளைகள். நடுவில் வால்வு. அந்த வால்வு எப்போதும் மேல் வளையத்தின் விளிம்பைவிடத் தாழ்ந்தே இருக்கும்; அதனால்தான் மேலே இன்னொரு கெக்கை வைத்தாலும் எடை வளையத்தின் வழியாகவே கீழே இறங்குகிறது, வால்வில் படுவதில்லை. மேல் கெக்கின் அடி வளையம் கீழ் கெக்கின் மேல் வளையத்துக்குள் கொஞ்சம் இறங்கி உட்காரும். டிபன் கேரியரில் ஒரு தட்டின் அடி, கீழ்த்தட்டின் வாய்க்குள் உட்காருமே, அதே ஏற்பாடு.

எனவே அடுக்கும் முன் கண் போக வேண்டிய இடம் வளையம்தான். நசுங்கி முட்டை வடிவமாகிவிட்டதா? ஓரிடத்தில் உள்ளே மடங்கியிருக்கிறதா? அப்படிப்பட்ட கெக்கை அடி அடுக்கில் வைக்கவே கூடாது. மேல் அடுக்குக்கு அனுப்புங்கள், அல்லது தனியே ஒதுக்கி மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். வால்வைச் சுற்றி ஈரமோ நுரையோ தெரிந்தால் அதுவும் தனியே.

இன்னொரு குழப்பம்: ஜெர்மனியில் ஒரே 50 லிட்டரில் இரண்டு உருவம் புழங்குகிறது. யூரோ கெக் குட்டை, சுமார் 53 செ.மீ. உயரம், 40 செ.மீ. விட்டம். டின் (DIN என்ற ஜெர்மன் தரநிலை) கெக் நெட்டை, சுமார் 60 செ.மீ. உயரம், 38 செ.மீ. விட்டம். இரண்டையும் ஒரே அடுக்கில் கலந்தால் மேல்மட்டம் படிக்கட்டாகிவிடும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் வளையம் சரியாக உட்காராது. வகைக்கு ஒரு பேலட் என்று பிரித்துவிடுங்கள். பிளாஸ்டிக்கில் வரும் ஒருமுறைக் கெக்குகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அடுக்கு எண்ணிக்கைதான் விதி. அவற்றை ஸ்டீல் கெக்குக்கு அடியில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

வால்வைக் கழற்றும் ஆசை யாருக்காவது வந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். காலி என்று நினைக்கும் கெக்கிலும் அழுத்தம் மிச்சமிருக்கும். அதோடு கழற்றினால் உள்ளே இருக்கும் குழாய் ஈட்டி மாதிரி பாய்ந்து வெளியே வரும். இதில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

நகர்த்துவது

தூரம் என்றால் இரண்டு சக்கரத் தள்ளுவண்டி. இரண்டடி, மூன்றடி நகர்த்த வேண்டுமென்றால் விளிம்பில் உருட்டுவது: கெக்கை உங்கள் பக்கம் லேசாகச் சாய்த்து, அடி வளையத்தின் ஒரு புள்ளியில் நிற்கவிட்டு, மேல் வளையத்தைத் திருப்பித் திருப்பிக் கொண்டுபோவது. சாய்வு அதிகமானால் எடை உங்கள் கைக்கு வந்துவிடும். குறைந்தால் கெக் உருளாது. அரை மணி நேரம் காலி கெக்கில் பழகினால் கை தானாகப் பிடித்துக்கொள்ளும்.

விரல் விஷயத்தில் கவனம். உருட்டும்போது உள்ளங்கை வளையத்தின் மேல் இருக்க வேண்டும், விரல்கள் வெளிப்பக்கமாகத் தொங்கக் கூடாது. பேலட்டில் ஏற்கெனவே நிற்கும் கெக்கின் பக்கத்தில் புதியதைக் கொண்டுபோய் நிறுத்தும் கடைசி இரண்டு செ.மீ.யில்தான் விரல் சிக்கும். இரண்டு வளையங்களும் 'டக்' என்று முட்டும் இடத்தில் உங்கள் நடுவிரல் இருந்தால் கையுறை உதவாது. அந்தக் கடைசி இடைவெளியை முழங்காலாலோ உள்ளங்கையாலோ கெக்கின் உடம்பில் தள்ளி மூடுங்கள்.

முதல் அடுக்கு

நீளவாக்கில் மூன்று, அகலவாக்கில் இரண்டு, மொத்தம் ஆறு. 3 × 40 = 120, 2 × 40 = 80. பேலட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போல வந்துவிடும். அதனாலேயே தவறுக்கு இடமில்லை: ஒரு கெக் இரண்டு செ.மீ. தள்ளி நின்றாலும் எதிர்ப்பக்கம் ஒன்று பேலட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

வைப்பதற்கு முன் பேலட்டைப் பாருங்கள். உடைந்த பலகை, வெளியே தலைகாட்டும் ஆணி, நழுவிய கட்டை, பலகையில் உறைந்த பனி, இதில் ஏதாவது இருந்தால் அந்தப் பேலட் வேண்டாம். ஆறையும் வைத்த பிறகு ஒவ்வொரு கெக்கின் தலையிலும் கையை வைத்து அழுத்தி ஆட்டிப் பாருங்கள். ஒன்று டொக் டொக்கென்று ஆடினால் அதன் அடியில் கல்லோ மரச்சில்லோ இருக்கிறது, அல்லது அடி வளையம் கோணல். இப்போது மாற்றுவது ஒரு நிமிட வேலை. மேலே பன்னிரண்டு கெக் ஏறிய பிறகு மாற்றுவது அரை மணி நேர வேலை. அதனாலேயே அப்போது யாரும் மாற்றுவதில்லை. என் அனுபவத்தில் சாய்ந்த அடுக்குகளில் பெரும்பாலானவை மேலே கெட்டதில்லை, கீழேயே கெட்டுப்போயிருந்தன.

மேல் அடுக்குகள்

நிறைந்த கெக்கை இரண்டாவது அடுக்குக்குக் கெக் தூக்கியால் ஏற்றுங்கள். மூன்றாவதுக்கு இயந்திரம் தவிர வேறு வழியே இல்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட அதற்கான பயிற்சியும் நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதியும் உள்ளவர் மட்டும். கெக் இறங்கும்போது வழிகாட்டுகிறேன் என்று இரண்டு வளையங்களுக்கும் நடுவில் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

வளையம் உட்கார்ந்ததா என்று கண்ணை நம்பாதீர்கள். கெக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். உட்கார்ந்திருந்தால் அசைந்து நின்றுவிடும். விளிம்பின் மேல் ஏறி நின்றிருந்தால் வழுக்கும். பாதி குடித்து மிச்சம் திரும்பி வந்த கெக் உள்ளே தளும்பும். அதை மேல் அடுக்கில் வையுங்கள், சீட்டு ஒட்டி.

எத்தனை அடுக்கு?

எல்லோரும் கேட்கும் கேள்வி. எடைக் கணக்கு மட்டும் போட்டால் நான்கு அடுக்கு என்று வரும்: ஓர் அடுக்கு 372 கிலோ, நான்கு அடுக்கு 1,488 கிலோ, யூரோ பேலட்டின் அனுமதி 1,500 கிலோ. அளவுக்குள் அடங்குகிறதே என்று தோன்றும். ஆனால் கெக் அடுக்கு எடையால் உடைவதைவிடக் கவிழ்வதுதான் அதிகம், அதற்கு வேறு கணக்கு.

ஐரோப்பாவில் சரக்கைக் கட்டுவதற்கான ஈ.என். 12195-1 தரநிலைப்படி, லாரி திடீரென பிரேக் போட்டால் சரக்கு தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் பாயும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். திருப்பத்தில் பக்கவாட்டுக்கு 50 சதவீதம். அடுக்கு எவ்வளவு விசையில் கவிழும் என்று தெரிய, அகலத்தை உயரத்தால் வகுங்கள். தனியாக நிற்கும் மூன்று கெக் தூண்: 40 ÷ 160 = 0.25. அதாவது கால் பங்கு விசையிலேயே கவிழும். ஆறு தூண்களையும் சுற்றிக் கட்டி ஒரே கட்டாக்கினால்: 80 ÷ 160 = 0.5. பக்கவாட்டுக்கான 50 சதவீத எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. அடியிலுள்ள பேலட்டின் 14 செ.மீ. உயரத்தையும் சேர்த்துக்கொண்டால் எல்லைக்கும் கீழே போய்விடும். நான்கு அடுக்கு என்றால் 80 ÷ 213, நாற்பது சதவீதம்கூட இல்லை. சுற்றிக் கட்டிய இரண்டு அடுக்கு என்றால் பேலட்டைச் சேர்த்தும் பக்கவாட்டில் தன்னால் நிற்கும்.

ஆக, சுற்றிக் கட்டிய இரண்டு அடுக்கு திருப்பத்தில் தானே நிற்கும். மூன்று அடுக்குக்குப் பக்கத்துணை வேண்டும், அதாவது இருபுறமும் ஒட்டி நிற்கும் பேலட்டோ, சுவரோ, மேலிருந்து இறுக்கும் பெல்ட்டோ. நான்கு அடுக்கைச் சாலையில் கொண்டுபோகாதீர்கள்.

இந்தக் கணக்கில் எடை எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? காலி கெக்குக்கும் இதே விடைதான். "காலிதானே" என்று ஐந்து அடுக்கு ஏற்றுபவர்களை நிறையப் பார்க்கலாம். அது நிறைந்ததைப் போலவே கவிழும், கை பட்டாலும் காற்றடித்தாலும் அதைவிடச் சீக்கிரம் கவிழும்.

(மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் பீர் விழாவில் அகுஸ்டினர் என்ற பீர் நிறுவனத்தின் கூடாரத்தில் இன்றும் 200 லிட்டர் மரப் பீப்பாயிலிருந்துதான் பீர் ஊற்றுகிறார்கள். வயிறு பெருத்த அந்த உருவம் படுக்கவைத்து உருட்டுவதற்கு வசதி. நம் ஸ்டீல் கெக் நிற்கப் பிறந்தது. பேலட்டில் அதைப் படுக்கவைக்காதீர்கள்.)

கட்டுவதும் ஏற்றுவதும்

மேல் அடுக்கைச் சுற்றி ஒரு பட்டை இறுக்குங்கள். தூண்களை ஒன்றாக்குவது அதுதான். பிளாஸ்டிக் சுருள் சுற்றுவதானால் பேலட்டின் கட்டையோடு சேர்த்துக் கீழிருந்து தொடங்குங்கள். குளிர் அறையிலிருந்து வந்த கெக் வியர்த்து ஈரமாக இருக்கும், அதில் சுருள் வழுக்கும், துடைத்துவிட்டுச் சுற்றுங்கள்.

வண்டித் தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு போடுவதை வேண்டாத செலவு என்று நினைப்பவர்களுக்காக: மூன்று அடுக்குப் பேலட் சுமார் 1,140 கிலோ. பிரேக் போட்டால் முன்னால் தள்ளும் விசை 912 கிலோ அளவு. தூசும் ஈரமுமான தரையில் உராய்வை 0.3 என்று எடுத்தால் தரை பிடித்து நிறுத்துவது 342. மீதி 570-ஐ பெல்ட்டும் முன்சுவரும்தான் தாங்க வேண்டும். ரப்பர் விரிப்பில் உராய்வு 0.6, மீதி வெறும் 228. சில யூரோ விரிப்புக்கு இது பெரிய வேலை.

பேலட்டை முன்சுவரோடு ஒட்டி வையுங்கள், இடைவெளி விடாதீர்கள். இடைவெளி இருந்தால் சரக்கு வேகம் பிடித்து வந்து மோதும். ராட்செட் பெல்ட்டின் (பற்சக்கரப் பிடியால் இறுக்கும் பட்டை) சீட்டைப் படியுங்கள்; சீட்டு கிழிந்து போயிருந்தாலோ, ஓரம் அறுந்திருந்தாலோ அதைக் குப்பையில் போடுங்கள். லாரியின் பக்கத் திரைச்சீலை மழைக்குத்தான், அதற்கென்று சான்று பெற்ற வண்டியைத் தவிர மற்றதில் கெக்கை அது தாங்காது. ஜெர்மன் சாலைப் போக்குவரத்து விதிகளின் 22-ஆவது பிரிவு, அவசர பிரேக்கிலும் திடீர் விலகலிலும் சரக்கு நழுவாமல், கவிழாமல், உருளாமல் இருக்க வேண்டும் என்கிறது. ஓட்டுநரோடு ஏற்றியவரும் பொறுப்பாவார்.

3.5 டன் வேன் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். அந்த வேன்களில் ஏற்றக்கூடிய எடை பெரும்பாலும் ஒரு டன்னை ஒட்டித்தான். ஒரே ஒரு மூன்று அடுக்குப் பேலட்டிலேயே அது தீர்ந்துவிடும். வேனுக்கு இரண்டு அடுக்கு, சுமார் 770 கிலோ, அதோடு நிறுத்துங்கள்.

வெயிலும் பனியும் கூட ஏற்றுபவரின் கவலைதான். சாதாரண லாகர் பீர் 5 டிகிரியில் ஒரு பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) குறைவான அழுத்தத்தில் இருக்கும், 30 டிகிரியில் இரண்டரை பார் பக்கம் போகும். ஜனவரியில் வேனிலேயே விட்டுப் போனால், -2 டிகிரிக்குக் கீழே பீர் உறையத் தொடங்கும்.

இறக்குவது

பெல்ட்டைத் தளர்த்தும் முன் சுற்றி வந்து பாருங்கள். வழியில் அடுக்கு சாய்ந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்தப் பெல்ட்தான். அவிழ்த்த நொடியில் வரும். சாய்ந்த பக்கத்தில் நிற்காதீர்கள், ஃபோர்க்லிஃப்ட்டை அணைகொடுத்துவிட்டு அவிழுங்கள். எடுக்கும்போது மேல் அடுக்கு முழுவதையும் முடித்துவிட்டுக் கீழே வாருங்கள். ஒரே தூணை அடிவரை உருவாதீர்கள்.

வேனிலிருந்து தரைக்கு இறக்க, தடித்த ரப்பர் மெத்தை கிடைக்கும். கெக்கை அதன் மேல் விழவிட்டு, எம்பும்போது பிடித்து நிறுத்துவார்கள். தெரிந்தவரோடு நின்று காலி கெக்கில் பழகுங்கள். உணவகத்தின் நிலவறைக்கு இறக்கும்போது கெக்குக்குக் கீழே, படியில், யாரும் இருக்கக் கூடாது. நிலவறைக்குள் கரியமில வாயு கசிந்தால் அது தரையோடு தேங்கும், வாசனையும் இருக்காது. எச்சரிக்கைக் கருவி ஒலித்தால் உள்ளே போகாதீர்கள், மயங்கி விழுந்தவரை இழுத்து வரக்கூடப் போகாதீர்கள், 112-ஐ அழையுங்கள்.

இறக்கிய கெக்கை ஒரு நாள் நிற்கவிடச் சொல்லி வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். உடனே திறந்தால் கோப்பை நிறைய நுரைதான் வரும், திட்டு உங்களுக்கு வரும்.

சொந்தக் காரில் ஒரு கெக் மட்டும்

விருந்துக்கு 30 லிட்டர் கெக் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு: அதுவும் 40 கிலோ இருக்கும். டிக்கியில் பின்னிருக்கையின் முதுகோடு ஒட்டி நிமிர்த்தி வைத்து, கைப்பிடித் துளை வழியாகப் பெல்ட்டை விட்டு, டிக்கித் தரையில் இருக்கும் கொக்கிகளில் இறுக்குங்கள். கூடவே வாயு சிலிண்டர் இருந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைத் திருகி, உருளாமல் கட்டி, ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டுங்கள். வீடு சேர்ந்ததும் சிலிண்டரை முதலில் இறக்குங்கள், கெக் அப்புறம்.