கணவாய் வளர வளர என்ன தின்கிறது? வீட்டிலேயே பார்க்கலாம்

மதுரையில் கடல் இல்லைதான். ஆனால் ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் வரும் ஊசிக்கணவாய் மீன் சந்தையில் கிடைத்தால் போதும். விரல் நீளத்தில், உள்ளங்கை அளவில், ஒரு சாண் நீளத்தில் என்று வாங்குங்கள். "சுத்தம் பண்ணாதீங்கண்ணே, முழுசாவே போடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பழக்க தோஷத்தில் குடலை உருவிப் போட்டுவிடுவார்கள், நமக்கு வேண்டியதே அதுதான்.

முதலில் ஸ்கேல். முதுகுப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, உடலின் கழுத்து விளிம்பிலிருந்து வால் நுனி வரை அளந்து, அப்புறம் செட்டையின் (வால் பக்கத்துத் துடுப்பின்) நீளத்தை அதால் வகுத்துப் பாருங்கள். செட்டை 8 செ.மீ., உடல் 16 செ.மீ. என்றால் 0.5. சின்னதில் இந்த எண் குறைவாக இருக்கும், உடலும் குட்டையாகக் குண்டாக இருக்கும். வளர வளர உடல் நீண்டு, செட்டையும் பெரிதாகும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு சந்தைக்கு வராது, சில மில்லிமீட்டர்தான் இருக்கும். உருண்டைப் பை மாதிரி உடம்பு, பொட்டு மாதிரி செட்டை. நீண்டு பாய்ந்து பிடிக்கும் இரண்டு கைகளும் அப்போது குட்டைதான், அதனால் கோபிபாட் (தண்ணீரில் மிதக்கும், ஓடுள்ள நுண்ணுயிரி) போன்ற பொடி உயிரிகளைத்தான் பிடிக்க முடியும். அந்தக் கைகள் நீண்ட பிறகுதான் இறால், மீன் எல்லாம்.

சரி, இனி வயிறு. நீர் பீய்ச்சும் குழல் இருக்கும் பக்கத்தில் கத்தரிக்கோலை மேலாக ஓட்டித் திறங்கள். ஆழமாகக் குத்தினால் மைப்பை உடைந்து எல்லாம் கறுப்பாகிவிடும். உள்ளே இருக்கும் வெளிறிய பையை வெட்டி, வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

முழு மீன் கிடைக்காது. கணவாயின் உணவுக்குழல் மூளைக்கு நடுவில் புகுந்து போகிறது, அதனால் கிளி மூக்கு மாதிரி இருக்கும் அலகால் பொடியாகக் கடித்துத்தான் விழுங்கும். தேட வேண்டியது துணுக்குகளைத்தான். கண்ணாடி போன்ற ஓட்டுச் சில்லு, மெல்லிய கால் துண்டு என்றால் இறால் வகை. சின்னக் கணவாயில் இதுதான் அதிகம். செதில், முள், ஜவ்வரிசி மாதிரித் தெளிவான உருண்டை (அது மீன் கண்ணின் வில்லை) என்றால் மீன். பெரியதில் குட்டி வளையங்களோ இன்னொரு அலகோ கிடைத்தால் நின்று நிதானமாகப் பாருங்கள், வளையம் கணவாயின் கைகளில் உள்ள உறிஞ்சியில் இருப்பது. அது இன்னொரு கணவாயைத் தின்றிருக்கிறது.

பல வயிறு காலியாகத்தான் இருக்கும், சீக்கிரம் செரித்துவிடும். அதையும் "காலி" என்று நோட்டில் அளவுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் நாலு வாங்குங்கள்.