ஒரே உதவிப் பக்கம், மூன்று பணிசெயல் முறைமைகள்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

திருகோணமலையில் ஒரு மீன்வாடியின் வரவு செலவைப் பதிவதற்காக எழுதப்பட்ட சிறிய கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். வாடியின் மேசையில் விண்டோஸ் கணினி இருக்கிறது. மாதக் கணக்கை முடித்துத் தரும் கணக்காளர் அப்பிள் நிறுவனத்தின் மெக் கணினி வைத்திருக்கிறார். முதலாளியின் மகள் கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் பயில்கிறார்; அவரது மடிக்கணினியில் உபுண்டு என்னும் லினக்ஸ் வகைப் பணிசெயல் முறைமை ஓடுகிறது. மூவருக்கும் மென்பொருள் ஒன்றே. ஆனால் உதவிப் பக்கத்தில் "கொன்ட்ரோல் விசையுடன் எஸ் விசையை அழுத்துக" என்று மட்டும் எழுதியிருந்தால் கணக்காளருக்கு அது பயன்படாது, ஏனெனில் மெக்கில் அந்த வேலையைச் செய்வது கொமாண்ட் விசை. இதற்காக மூன்று கையேடுகள் எழுதத் தேவையில்லை. எழுதினால், அடுத்த பதிப்பு வரும்போது ஒன்றைத் திருத்திவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுவோம்.

படி 1: வேறுபடும் வரிகளைக் குறித்தல்

எழுதி முடித்த பக்கத்தை அச்சிட்டு, முறைமைக்கு முறைமை மாறக்கூடிய வரிகளை மட்டும் கோடிடுங்கள். அவை பெரும்பாலும் நான்கு இடங்களில்தான் அகப்படும்: மென்பொருளை நிறுவும் முறை, விசைச் சேர்க்கைகள், அமைப்புகள் இருக்கும் இடம், கோப்புகள் சேமிக்கப்படும் இடம். லிப்ரே ஆபிஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருளை எடுத்தால், விண்டோஸிலும் லினக்ஸிலும் 'டூல்ஸ்' பட்டியின் கீழ் உள்ள அமைப்புகள், மெக்கில் மென்பொருளின் பெயரையே தாங்கிய பட்டியின் கீழ் இருக்கின்றன. கோப்புப் பெயர்களிலும் கவனம் வேண்டும்: ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் லினக்ஸ் வேறுவேறாகக் கொள்ளும், மற்ற இரண்டும் வழக்கமாக அவ்வாறு கொள்வதில்லை.

படி 2: பொதுவாக்கக் கூடியதைப் பொதுவாக்குதல்

கோடிட்ட வரிகளில் பல, சொல்லும் விதத்தை மாற்றினாலே பொதுவாகிவிடும். விசைச் சேர்க்கையைச் சொல்லாமல் "கோப்புப் பட்டியில் சேமி என்பதைத் தெரிவுசெய்க" என்று எழுதினால் மூன்றிலும் பொருந்தும். கணினித் திரையைப் படம் பிடிக்கும்போதும் சாளரத்தின் மேல்விளிம்பை வெட்டிவிடுங்கள். மூடும் பொத்தான் மெக்கில் இடப்பக்கமும் விண்டோஸில் வலப்பக்கமும் இருப்பதால், முழுச் சாளரத்தையும் காட்டினால் வாசகர் வேறு மென்பொருளைப் பார்க்கிறோமோ என்று தயங்குவார்.

படி 3: எஞ்சியதைச் சிறு துண்டுகளாகப் பிரித்தல்

உண்மையிலேயே பிரிக்க வேண்டியதற்கு நல்ல உதாரணம், தமிழில் தட்டெழுதும் வசதியைச் சேர்ப்பது. மீனின் பெயரைத் தமிழில் பதிய இது வேண்டும். முன்னுரையும் முடிவும் பொதுவாகவே இருக்கட்டும். நடுவில் மட்டும் இவ்வாறு பிரிக்கலாம்:

விண்டோஸ் 11: 'செட்டிங்ஸ்' திறந்து, 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதியில் மொழிப் பக்கத்துக்குச் சென்று தமிழைச் சேர்க்கவும். மொழியை மாற்ற, விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் விசையை அழுத்தவும்.

மெக்: 'சிஸ்டம் செட்டிங்ஸ்' திறந்து, 'கீபோர்ட்' பக்கத்தில் உள்ளீட்டு மூலங்களைத் திருத்தும் பொத்தானை அழுத்தித் தமிழைச் சேர்க்கவும். மொழியை மாற்ற, கொன்ட்ரோல் விசையுடன் ஸ்பேஸ் விசையை அழுத்தவும்.

உபுண்டு: 'செட்டிங்ஸ்' திறந்து, 'கீபோர்ட்' பக்கத்தின் உள்ளீட்டு மூலங்களில் தமிழைச் சேர்க்கவும். மொழியை மாற்ற, சூப்பர் விசையுடன் ஸ்பேஸ் விசையை அழுத்தவும்; விண்டோஸ் சின்னம் பொறித்த விசையே இங்கு சூப்பர் விசையாகும்.

மூன்று துண்டுகளும் ஒரே ஒழுங்கில் செல்வதைக் கவனியுங்கள்: முதலில் திறக்கும் இடம், பிறகு செய்யும் செயல், கடைசியில் மாற்றும் விசை. ஒன்றில் மட்டும் மேலதிகக் குறிப்பு தேவைப்பட்டால் அதை இறுதியில் சேர்ப்பதே நல்லது. பொத்தான்களின் பெயர்களை, பயனரின் திரையில் எந்த மொழியில் தெரிகின்றனவோ அந்த மொழியிலேயே தர வேண்டும்.

படி 4: எதைக் காட்டுவது என்பதை வாசகரிடம் விடுதல்

பயர்பொக்ஸ் உலாவியை வெளியிடும் மொசில்லாவின் உதவிப் பக்கங்களில், எழுதுபவர் ஒவ்வொரு துண்டுக்கும் முறைமையின் அடையாளத்தை இடுகிறார்; வாசகர் தம் முறைமையைத் தெரிவுசெய்ததும் அதற்குரிய துண்டு மட்டும் தெரிகிறது. உங்கள் தளத்தில் தாவல்களை (அழுத்தியதும் உரிய பகுதியை மட்டும் காட்டும் தலைப்புகளை) கொண்டு இதையே செய்யலாம். வருபவரின் முறைமையைத் தானாகக் கண்டறிந்து காட்டும் வசதியும் உண்டு, ஆனால் அதை மட்டுமே நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாடியில் இருப்பவர் கணினித் திரையில் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு உதவிப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில்தான் வாசிப்பார். தளமோ அவரை ஆண்ட்ரொய்ட் பயனர் என்று எண்ணிக்கொண்டு, அவருக்கு வேண்டிய விண்டோஸ் துண்டை மறைத்துவிடும். கண்டறிந்ததை முதல் தெரிவாக வைத்து, மாற்றும் பொத்தானைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். அச்சிடும்போது தாவலுக்குள் மறைந்திருக்கும் துண்டுகள் விடுபடாமல், தலைப்புகளோடு எல்லாம் வரும்படி செய்வதும் அவசியம்.

படி 5: அந்தந்தக் கணினியிலேயே சரிபார்த்தல்

உபுண்டுவை உங்கள் விண்டோஸ் கணினியிலேயே மெய்நிகர் இயந்திரமாக, அதாவது கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினியாக, நிறுவிப் பார்க்கலாம். மெக்கின் முறைமையை அப்பிள் நிறுவனத்தின் கணினிகளில் மட்டுமே இயக்க உரிமம் அனுமதிக்கிறது; ஆகவே மெக் வைத்திருக்கும் ஒருவரிடம் பக்கத்தைக் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல், அவர் எந்த வரியில் நிற்கிறார் என்று பாருங்கள். எந்தப் பதிப்பில் சரிபார்த்தீர்கள் என்பதையும் ஒவ்வொரு துண்டின் கீழும் எழுதுங்கள். 2022இல் வெளியான வென்ச்சுரா பதிப்பில் மெக்கின் 'சிஸ்டம் பிரிபரன்ஸஸ்' என்பது 'சிஸ்டம் செட்டிங்ஸ்' ஆகி, உள்ளே இருந்த ஒழுங்கும் மாறியது. பதிப்பைக் குறித்து வைத்திருந்தால், இப்படியான மாற்றம் வரும்போது எந்தத் துண்டைத் திறந்து திருத்த வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.