ஆறு நிமிட நடைச் சோதனை: பள்ளிக்கூட விறாந்தையில் அளந்து பார்ப்பது எப்படி

கிணற்றடியிலிருந்து குசினிக்கு ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வருவதற்குள் அம்மா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கியபோது, ஊரில் எல்லோரும் முட்டு (ஆஸ்துமா) என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். ஒட்டுசுட்டானிலிருந்து பஸ் ஏறி, மாதம் தவறாமல் கிளினிக் போய், இழுக்கும் மருந்து வாங்கி வந்தோம். ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு வைத்தியர் எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை, எடுக்கச் சொன்னார். நுரையீரல் உயர் இரத்த அழுத்தம் என்ற பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

அன்றிலிருந்து எக்கோ, சிடி, நடைச் சோதனை என்று பல அறைகளின் வாசலில் காத்திருந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் எதற்கு என்று எங்களுக்கு யாரும் ஆறுதலாக விளக்கவில்லை. எங்களைப் போல வன்னியின் ஏதோ ஒரு மூலையிலிருந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். படமெடுக்கும் சோதனைகளைச் சுருக்கமாகவும், நடைச் சோதனையை விரிவாகவும் சொல்லப் போகிறேன். படம் எடுப்பது வைத்தியசாலையின் வேலை. நடையை நாமே அளக்கலாம், வைத்தியர் சம்மதித்தால்.

முதலில் குளத்தைப் பாருங்கள்

இரணைமடுக் குளத்தின் துருசைத் (மதகை) திறந்தால் தண்ணீர் பெருவாய்க்காலில் இறங்கி, கிளை வாய்க்கால்களில் பிரிந்து, வயல்களுக்குப் போகிறது. வாய்க்கால்கள் தூர்ந்துவிட்டால் தண்ணீர் பின்னால் தேங்கும், சுமை கட்டின்மேல் விழும். இதயத்தின் வலப்பக்கத்துக்கும் நுரையீரலுக்கும் இடையில் நடப்பதும் இதுதான். நுரையீரலின் இரத்தக் குழாய்கள் ஒடுங்கினாலோ, கட்டிபட்ட இரத்தம் அடைத்தாலோ, இதயத்தின் இடப்பக்கம் பழுதாகி இரத்தம் பின்னுக்குத் தேங்கினாலோ, வலப்பக்க இதயம் திணறுகிறது. அது மெல்லிய சுவர் கொண்டது. குறைந்த அழுத்தத்துக்கென்றே அமைந்தது. நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயான நுரையீரல் நாடியின் சராசரி அழுத்தம் சாதாரணமாக 14 மில்லிமீற்றர் பாதரசம் அளவில்தான் இருக்கும். அது 20ஐத் தாண்டினால் உயர் அழுத்தம் என்கிறார்கள்.

கையில் பட்டி கட்டிப் பார்க்கும் பிரஷர் இதைக் காட்டாது. அம்மாவின் கைப் பிரஷர் எப்போதும் நன்றாகவே இருந்தது. அதை நம்பித்தான் ஒரு வருடத்தைத் தொலைத்தோம்.

படங்கள் எதைக் காட்டுகின்றன

நெஞ்சு எக்ஸ்ரேயும் ஈசிஜியும் முதலில் வரும். அவை சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். அடுத்து வரும் எக்கோ தான் குளக்கட்டைப் பார்க்கும் சோதனை. ஒலியலையால் எடுப்பது என்பதால் கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை. வழக்கமான எக்கோவுக்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொல்லி, நெஞ்சில் குளிர்ந்த ஜெல் தடவுவார்கள். பெண்கள் முன்பக்கம் திறக்கும் சட்டை அணிந்து போனால் வசதி. வலப்பக்க இதய அறைகள் வீங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அங்குள்ள வால்வில் பின்னோக்கிக் கசியும் இரத்தத்தின் வேகத்தையும் அளப்பார்கள். அந்த வேகம் விநாடிக்கு 2.8 மீற்றருக்குள் இருந்தால், வேறு அறிகுறி இல்லாதபோது, ஆறுதலான செய்தி. 3.4ஐத் தாண்டினால் உயர் அழுத்தம் இருக்க வாய்ப்பு அதிகம். எக்கோ தருவது மதிப்பீடு என்பதை மறக்க வேண்டாம். உறுதியாகச் சொல்ல, இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி வலப்பக்க இதயத்தில் நேரடியாக அளக்க வேண்டும்.

எந்த வாய்க்காலில் தண்ணீர் போகவில்லை என்று பார்ப்பவை வேறு இரண்டு. ஒன்று சிடி. கையில் ஊசி ஏற்றி அயடின் கலந்த மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். உடம்பு ஒரு கணம் சூடாவது போலிருக்கும், பயப்பட வேண்டாம். சிறுநீரகப் பரிசோதனை முடிவு, ஒவ்வாமை, கர்ப்பம், சர்க்கரைக்கு மெட்போர்மின் குடிப்பது ஆகியவற்றைக் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மற்றது காற்றையும் இரத்தத்தையும் தனித்தனியே படமெடுக்கும் அணுக்கதிர் ஸ்கேன். காற்றுப் போகும் இடத்தில் இரத்தம் போகவில்லையென்றால் அங்கே அடைப்பு இருக்கிறது என்று சந்தேகிப்பார்கள். பழைய கட்டிகள் நாள்பட்டுத் தங்கிவிட்டனவா என்று தேடுவதற்கு இது மிக நல்ல சோதனை. ஆனால் பெரிய வைத்தியசாலைகளில்தான் இந்த வசதி இருக்கும், பயணத்துக்குத் தயாராக இருங்கள்.

எங்கள் பக்கத்து மக்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ இருப்பவர்கள் இங்கே ஏராளம். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது பெரும் காந்தம், உள்ளே இருக்கும் இரும்பை அசைத்துவிடக்கூடும். காயம் பழையது, ஆறிவிட்டது என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். எக்ஸ்ரேக்கும் சிடிக்கும் அந்த ஆபத்து இல்லை. துண்டு இருக்கும் இடம் அவற்றில் தெரியும்.

இனி நடை

படம் எடுக்கும்போது அம்மா அசையாமல் படுத்திருக்கிறார். வாளியைத் தூக்கும்போது என்ன நடக்கிறது என்று அந்தப் படத்துக்குத் தெரியாது. அதனால்தான் நடக்க வைக்கிறார்கள். 1968இல் கென்னத் கூப்பர் 12 நிமிட ஓட்டத்தை அறிமுகப்படுத்தினார். 1976இல் அதை நுரையீரல் நோயாளிகளுக்கான 12 நிமிட நடையாக மாற்றினார்கள். 1982இல் அது ஆறு நிமிடமாகச் சுருங்கியது. இன்று பெரும்பாலானோர் பின்பற்றும் முறையை நுரையீரல் வைத்தியர்களின் அமைப்பான அமெரிக்கத் தொராசிக் சங்கம் 2002இல் எழுதி வைத்தது.

அம்மா முதல் தடவை ஒரு வைத்தியசாலை நடைபாதையில் நடந்தார். பாதை 15 மீற்றர், குறுக்கே ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். 312 மீற்றர் வந்தது. நான்கு மாதம் கழித்து வேறோர் இடத்தில், நீளமான வெறும் மண்டபத்தில் 351 மீற்றர். சுகமாகிவிட்டது என்று வீடு வரும்வரை பூரித்துப்போயிருந்தோம். அந்த 39 மீற்றரில் எவ்வளவு மருந்தின் வேலை, எவ்வளவு பாதையின் வேலை என்று இன்றுவரை சொல்ல முடியாது. குறுகிய பாதையில் அடிக்கடி திரும்ப வேண்டும், திரும்பும் ஒவ்வொரு தடவையும் வேகம் போகும். ஒரே இடம், ஒரே முறை, ஒரே சொற்கள். இது தவறினால் எண்ணுக்கு அர்த்தமில்லை.

யார் வீட்டில் செய்யக்கூடாது: கடந்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்போ, ஓய்விலும் வரும் நெஞ்சுவலியோ இருந்தவர்கள், நடக்கும்போது மயங்கி விழுந்தவர்கள், உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுபவர்கள், மேல் பிரஷர் 180ஐயோ கீழ் பிரஷர் 100ஐயோ தாண்டுபவர்கள். மற்றவர்களும் ஒருமுறை வைத்தியரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

இடம். 30 மீற்றர் நேரான, மட்டமான, கடினமான தரை வேண்டும். கிறவல் ரோட்டில் செய்ய முடியாது. குளக்கட்டு அழகான இடந்தான், ஆனால் மேடு பள்ளம், வெயில். நாங்கள் பள்ளிக்கூட விறாந்தையைப் பிடித்தோம். அதிபரிடம் கேட்டு, சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போகிறோம். பொதுநோக்கு மண்டபத்தின் நீளம் போதுமென்றால் அதுவும் நல்லது. 20 மீற்றர்தான் கிடைக்கிறது என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எப்போதும் அந்த 20 மீற்றர்தான். மேசன் வைத்திருக்கும் அளவு நாடாவால் அளந்து, மூன்று மீற்றருக்கு ஒரு சோக்குக் கோடு போடுங்கள். இரண்டு முனைகளிலும் மணல் நிரப்பிய பெரிய தண்ணீர்ப் போத்தல் வையுங்கள். செங்கல் வேண்டாம், கால் தடக்கும்.

ஆள். வழக்கமான மருந்தைக் குடித்திருக்க வேண்டும். இலேசாகச் சாப்பிட்டிருக்கலாம். முந்திய இரண்டு மணி நேரத்தில் கடின வேலை கூடாது. ஊன்றுகோல் பிடிப்பவர் ஊன்றுகோலுடனே நடக்கட்டும். எந்தச் செருப்போடு நடந்தார் என்றும் எழுதிவையுங்கள். செயற்கைக் காலுடன் நடப்பவர்களும் இதைச் செய்யலாம். ஆனால் அவர்களின் மீற்றர் கணக்கில் காலின் பங்கும் சேர்ந்திருக்கும். அதை இன்னொருவரின் கணக்கோடு ஒப்பிடுவது அநியாயம். மூச்சின் அளவையும் ஒட்சிசன் அளவையும் அவர்களுக்குக் கூடுதலாகக் கவனியுங்கள்.

ஓய்வு. தொடங்கும் இடத்தில் கதிரை போட்டு, குறைந்தது 10 நிமிடம் உட்கார வையுங்கள். உடம்பைச் சூடாக்கும் பயிற்சி எதுவும் வேண்டாம். நாடித்துடிப்பு, விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் ஒக்சிமீற்றரின் எண் இரண்டையும் எழுதுங்கள். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அந்தக் கருவியை ஏமாற்றும். பிறகு மூச்சுத் திணறலுக்கு 0 முதல் 10 வரை எத்தனை என்று கேளுங்கள். சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் இது: 0 என்றால் ஒன்றுமில்லை, 3 நடுத்தரம், 5 கடுமை, 10 தாங்கவே முடியாதது. பெரிய எழுத்தில் ஒரு மட்டையில் எழுதிக் காட்டினால் முதியவர்கள் விரலால் தொட்டுக் காட்டிவிடுவார்கள். கால் களைப்புக்கும் இதேபோல் கேளுங்கள்.

சொல்ல வேண்டியது. நான் மட்டையின் பின்பக்கம் எழுதி, ஒவ்வொரு தடவையும் அப்படியே வாசிக்கிறேன்: "ஆறு நிமிடத்தில் உங்களால் முடிந்த அளவு தூரம் நடக்க வேண்டும். ஓட வேண்டாம். மூச்சு வாங்கினால் மெதுவாக நடக்கலாம், நிற்கலாம், சுவரில் சாயலாம். இயலுமானவுடன் மறுபடி நடக்க வேண்டும்." அவர் நிற்கும்போதும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

நடக்கும்போது கூடவே நடக்காதீர்கள். நீங்கள் பக்கத்தில் போனால் அவர் உங்கள் வேகத்துக்கு நடப்பார். கதையும் கொடுக்காதீர்கள். நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் அமைதியான குரலில், "நன்றாக நடக்கிறீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது" என்ற மாதிரி ஒரே வசனம். பேரப்பிள்ளைகள் கைதட்டி உற்சாகப்படுத்தினால் தூரம் கூடிவிடும், அடுத்த முறை பிள்ளைகள் இல்லாதபோது குறையும். எங்கள் வீட்டில் இது நடந்தது. சுற்று எண்ணுவதற்குப் புளியங்கொட்டை போதும். போய்த் திரும்பி வந்தால் 60 மீற்றர், இடக்கையிலிருந்து வலக்கைக்கு ஒரு கொட்டை.

உடனே நிறுத்த வேண்டியவை: நெஞ்சுவலி, தாங்க முடியாத மூச்சுத் திணறல், காலில் குறண்டல், தள்ளாட்டம், முகம் வெளிறுதல், திடீரென வியர்த்துக் கொட்டுதல், ஒட்சிசன் 80க்குக் கீழே இறங்குதல். கதிரையில் இருத்துங்கள். நெஞ்சுவலி விடவில்லை, அல்லது மயங்கினார் என்றால் காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். தொலைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

ஆறாவது நிமிடம் முடிந்ததும் "நில்லுங்கள்" என்று சொல்லி, கதிரையை அவர் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே சோக்கால் ஒரு அடையாளம் இடுங்கள். மூச்சு, களைப்பு எண்களை முதலில் கேளுங்கள், பிறகு ஒக்சிமீற்றர். நடுவில் எண் எவ்வளவு கீழே போனது என்பதும் முக்கியம்.

கணக்கு இப்படி. ஐந்து கொட்டை மாறியிருந்தால் 300 மீற்றர். ஆறாவது சுற்றில் மறுமுனையைச் சுற்றித் திரும்பி, மூன்று கோடு தாண்டி நின்றிருந்தால் 30உம் 9உம் சேர்த்து 339 மீற்றர்.

எண்ணை எப்படி வாசிப்பது

உயரம், நிறை, வயது கொண்டு கணக்கிடும் சூத்திரம் ஒன்று 1998இல் வெளியானது. பெண்களுக்கு: உயரத்தை (சென்டிமீற்றரில்) 2.11ஆல் பெருக்கி, 667ஐக் கூட்டி, அதிலிருந்து நிறையின் (கிலோவில்) 2.29 மடங்கையும் வயதின் 5.78 மடங்கையும் கழிக்க வேண்டும். அம்மாவுக்கு வயது 62, உயரம் 152, நிறை 54. கிட்டத்தட்ட 506 மீற்றர் வருகிறது. ஆனால் அந்தச் சூத்திரம் அமெரிக்காவில் சுகதேகிகளை நடக்க வைத்து எழுதப்பட்டது. எங்கள் அம்மாமாரை அதனால் அளப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நுரையீரல் நாடி உயர் அழுத்தம் உள்ளவர்களின் ஆபத்தை எடைபோடும்போது வைத்தியர்கள் 440க்கு மேலா, 165க்குக் கீழா என்றும் பார்ப்பார்கள். அதையும் எக்கோ, இரத்தப் பரிசோதனை முடிவுகளோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள். நீங்களாகப் பயந்துவிட வேண்டாம்.

நம் கையில் இருப்பது அவரவருடைய முதல் எண். முதல் நாள் மட்டும் அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து இரண்டு தடவை நடக்க வைத்து, கூடியதை எடுங்கள், ஏனென்றால் பழகியவுடன் தூரம் சற்றுக் கூடும். அதன் பிறகு சுமார் 30 மீற்றர் மாறினால்தான் அதைப் பெரிதாக எடுக்கலாம். 10, 15 மீற்றருக்கு மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். தூரம் குறையாமலே ஒட்சிசன் முன்பைவிடக் கூடுதலாக இறங்கினால் அதுவும் செய்திதான். கால் வீக்கமும் சேர்ந்திருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காதீர்கள்.

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதிவைப்பது இவ்வளவுதான்: "சனி, காலை 7.20. பள்ளிக்கூட விறாந்தை, 30 மீற்றர். றப்பர்ச் செருப்பு. முன்: நாடி 84, ஒட்சிசன் 96, மூச்சு 1. பின்: நாடி 118, ஒட்சிசன் 89, மூச்சு 4. ஒருமுறை நின்றார், நான்காம் நிமிடம், 20 விநாடி. 339 மீற்றர்." போன மாதம் வைத்தியர் எக்கோ அறிக்கையை ஒரு கையிலும் இந்தப் பக்கத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, நான்காம் நிமிடத்தில் ஏன் நின்றீர்கள் என்று கேட்டார்.